கூடாரம், கடல், சோம்பல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஐரோப்பாவில் இருக்கும் பிள்ளைகள் கோடை விடுமுறைக்குத் தாய் தகப்பனைக் கூப்பிடுவது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் கோபுரம், கடை, ரயில் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. "கடற்கரையில் கூடாரம் போட்டுச் சும்மா இருக்கப்போகிறோமாம், அது என்ன?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். கூடாரம், அடுப்பு, காற்று பற்றியெல்லாம் மலைநாட்டாருக்குத் தெரியாததில்லை. சிக்கலும் அங்கேதான் வருகிறது. இங்கே சரியாக வரும் கைப்பழக்கம் அந்தக் கடலோரத்தில் பல இடங்களில் தலைகீழாகப் போகும்.

மகள் பிரான்ஸில். ஆகஸ்டில் மத்தியதரைக் கடலோரத்தில் ஒரு கிழமை கூடார முகாம் என்கிறாள். ஊர் சுற்றல் ஒன்றும் இல்லையாம். நாள் முழுக்க என்ன செய்வது? (வாசகர், ஹட்டன்)

ஒன்றும் செய்யாமல் இருக்கத்தான் அங்கே காசு கட்டுகிறார்கள். முகாம் என்றதும் காட்டை நினைக்க வேண்டாம். இலக்கமிட்ட இடம் ஒன்று தருவார்கள்; பெரும்பாலும் 80 முதல் 100 சதுர மீட்டர் இருக்கும். அதில் உங்கள் கூடாரம், கார், மேசை நாற்காலி. நடந்துபோகும் தூரத்தில் குளியலறை, கழிப்பறை, பாத்திரம் கழுவும் தொட்டி, சின்னதாக ஒரு கடை. காலைப் பாணுக்குப் பல முகாம்களில் முதல்நாள் மாலையே பெயர் கொடுத்து வைக்க வேண்டும். மறந்தவர் மறுநாள் பிஸ்கட்தான் சாப்பிடுவார்.

நாளின் ஒழுங்கை வெயில்தான் போடுகிறது. கோடையில் அங்கே மணிக்கூட்டை முன்தள்ளி வைப்பதால், தெற்குப் பிரான்ஸில் ஆகஸ்ட் மாதம் சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் 1.30க்கும் 2 மணிக்கும் இடையில். ஆகவே நம் கணக்கில் "12 மணி வெயில்" என்பது அங்கே 2 மணி வெயில். மாலை 4 மணிக்கும் சூடு தணியாது. 11 மணிக்கு முன்பு ஒரு குளிப்பு, பிறகு நிழலில் சாப்பாடு, தூக்கம், 5 மணிக்குப் பிறகு மறுபடி கடல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொழுது சாய்வது இரவு 9 மணியளவில். "இருட்டினதும் சமைப்போம்" என்று இருந்தால் 10 மணிக்குச் சோறு. அந்த நேரத்தில் சத்தம் போடக்கூடாது என்ற விதியும் தொடங்கிவிடும். இத்தாலியில் பல முகாம்களில் பகல் 2 முதல் 4 வரையும் அமைதி நேரம். கார் உள்ளே வரவும் விடமாட்டார்கள். சோம்பலைச் சட்டமாகவே எழுதிவைத்த நாடு!

இரண்டு எச்சரிக்கை. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு 6 மாதத்துக்கு முன்பிருந்து, பிந்தினால் 15 நாளுக்கு முன்புவரை விண்ணப்பிக்கலாம். பெரியவருக்கு 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். ஆகஸ்ட் பயணத்துக்கு ஜூலைவரை காத்திருக்க வேண்டாம். அடுத்தது, முகாமைப் பதிவு செய்யும்போது பக்கத்தில் "நச்சுரிஸ்ட்" அல்லது "எஃப்.கே.கே." என்று இருக்கிறதா என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அவை ஆடையில்லாமல் இருப்பவர்களுக்கான முகாம்கள். பிரான்ஸிலும் குரோஷியாவிலும் பெரியவை இருக்கின்றன. சம்பந்தியோடு போய் இறங்கினால் விடுமுறை வேறு மாதிரி ஆகிவிடும்.

தோட்டத்தில் முகாம் போட்டுப் பழக்கமுண்டு. கடற்கரை மணலில் முளை நிற்குமா? எந்தப் பக்கம் பார்த்துப் போடுவது? (இளைஞர் கழக உறுப்பினர், தலவாக்கலை)

நம் களிமண்ணில் எந்தக் கம்பியை அடித்தாலும் பிடிக்கும். அங்கே இரண்டு வகை நிலம். ஒன்று உண்மையான மணல். கூடாரத்தோடு வரும் மெல்லிய கம்பி முளை அதில் ஒரு காற்றுக்கே வந்துவிடும். 30 முதல் 40 சென்ரிமீட்டர் நீளமான, வளைத்த தகடு போன்ற அகல முளை வேண்டும். அது இல்லையென்றால் ஒரு துணிப்பையில் மூன்று நான்கு கிலோ மணலை நிரப்பி, வாயில் கயிற்றைக் கட்டி, 40 சென்ரிமீட்டர் ஆழத்தில் புதைத்து, மேலே தண்ணீர் ஊற்றி மிதித்து விடுங்கள். முளை கழன்றாலும் இது கழலாது.

மற்றது, தெற்குப் பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் அதிகம் காணும் காய்ந்து இறுகிய சரளை நிலம். கம்பி முளை முதல் அடியிலேயே வளையும்; றப்பர் சுத்தியல் துள்ளும். 20 சென்ரிமீட்டருக்குக் குறையாத உருக்கு ஆணி முளையும் இரும்புச் சுத்தியலும் கொண்டுபோக வேண்டும். இரண்டு நிலத்திலும் முளையின் தலை கூடாரத்தை விட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்கட்டும்; கயிறும் முளையும் ஏறக்குறைய செங்கோணத்தில் நின்றால் பிடிப்பு அதிகம்.

காற்று விஷயத்தில், ரோன் பள்ளத்தாக்கு வழியாக வரும் மிஸ்ட்ரால் வடக்கு, வடமேற்கிலிருந்து அடிக்கும். ஸ்பெயின் எல்லைப் பக்கம் அடிக்கும் திரமொந்தானும் வடமேற்குதான். கூடாரத்தின் தாழ்ந்த பின்பக்கத்தை அங்கே திருப்புங்கள், வாசலை அல்ல. வானம் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும்போதுதான் மிஸ்ட்ரால் அடிக்கும். முகில் கறுத்தால்தான் காற்று வரும் என்ற நம் கணக்கை அங்கே நம்பவேண்டாம்.

நிழல்தான் எல்லாவற்றிலும் முக்கியம். நம்மவர்கள் குளிருக்குப் பயந்து காலை வெயில் படும் இடத்தைத் தேடுவார்கள். அங்கே அப்படிப் போட்டால் 8 மணிக்கே உள்ளே இருக்க முடியாது. வியர்த்து வெளியே ஓட வேண்டும். கிழக்கே மரம் நிற்கும் இடமாகப் பாருங்கள். பைன் மரத்துக்கு நேர் கீழே வேண்டாம், பிசின் சொட்டி துணியில் ஒட்டினால் போகாது. இரவில் குளிர்கிறது என்று காற்றுவழிகளை மூடாதீர்கள். கடலோர ஈரமும் உங்கள் மூச்சும் சேர்ந்து விடியும்போது உட்கூரை சொட்டும். ஊஞ்சல் படுக்கை கட்ட ஆசையிருந்தால் முதலில் வரவேற்பறையில் கேளுங்கள், மரத்தில் கயிறு கட்டத் தடை உள்ள முகாம்கள் உண்டு.

சோறு இல்லாமல் எங்களால் முடியாது. சின்ன காஸ் அடுப்பில் நான்கு பேருக்குச் சமைக்கலாமா? எவ்வளவு காஸ் போகும்? (வாசகி, நுவரெலியா)

தாராளமாக. ஆனால் உங்கள் ஊர் அளவை மறந்துவிட்டுப் போங்கள். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். கடல் மட்டத்தில் 100 பாகை. வீட்டில் வைக்கும் அதே தண்ணீரும் நேரமும் வைத்தால் சோறு குழைந்து கஞ்சியாகும். மைசூர்ப் பருப்புக்கு அங்கே பிரஷர் குக்கர் தேவையே இல்லை, திறந்த சட்டியில் 15 முதல் 20 நிமிடத்தில் வெந்துவிடும்.

நான்கு பேருக்கு 400 கிராம் பச்சை அரிசியோ பாஸ்மதியோ எடுங்கள். அரை மணி நேரம் ஊறவைத்து, வடித்து, 700 மில்லிலீட்டர் தண்ணீரில் மூடிபோட்டுக் கொதிக்க விடுங்கள். கொதித்ததும் தீயை ஆகக் குறைத்து 10 நிமிடம். பிறகு நிறுத்திவிட்டு, சட்டியைத் தடித்த துவாயில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள். மிச்ச வேக்காடு காஸ் இல்லாமலே முடியும். காற்றில்லாத இடத்தில் இதற்கு 30 கிராம் அளவில் காஸ் போகும். இரண்டு கறி, மூன்று முறை தேத்தண்ணி என்று சேர்த்தால் நாளைக்கு 120 கிராம். 450 கிராம் குப்பி ஒன்று மூன்று நாலு நாளைக்கு வரும்.

அளவைக் குழப்புவது காற்று. கடற்காற்று முற்பகலில் தொடங்கி 3, 4 மணிக்கு உச்சத்துக்குப் போகும். அந்த நேரத்தில் அடுப்பேற்றினால் காஸ் இரண்டு மடங்கு போகும், சோறும் ஒரு பக்கம்தான் வேகும். பகல் சமையலை 11 மணிக்குள் முடித்துவிடுங்கள். காற்றை மறிக்கத் தகடு வைக்கலாம், ஆனால் குப்பி நேர் கீழே இருக்கும் அடுப்பைச் சுற்றிவர மூடக்கூடாது. சூடு திரும்பிக் குப்பியில் ஏறினால் வெடிக்கும். குப்பியைத் தொட்டால் கை சுட்டால் உடனே அணையுங்கள். கூடாரத்துக்குள் அடுப்பு வேண்டவே வேண்டாம். தீயை விட மணமில்லாத காபன் மொனொக்சைட் அதிகம் ஏமாற்றும்.

குப்பியை விமானத்தில் எந்தப் பெட்டியிலும் கொண்டுபோக முடியாது, அங்கேதான் வாங்கவேண்டும். திருகும் வகை, அழுத்திப் பூட்டும் வகை, துளைக்கும் வகை என்று மூன்று உண்டு. ஒன்றின் அடுப்பு மற்றதற்குப் பொருந்தாது. பிரெஞ்சுக் கிராமத்துக் கடைகளில் அழுத்திப் பூட்டும் வகை சுலபமாகக் கிடைக்கும், திருகு வகைக்கு நகரத்து விளையாட்டுப் பொருள் கடைக்குப் போகவேண்டி வரலாம். ஆகவே அடுப்பை வாங்கிய பிறகு குப்பியைத் தேடாதீர்கள்.

விறகோ கரியோ மூட்டும் எண்ணம் வேண்டாம். பைன் காடுள்ள கடலோரத்தில் பொதுவான பாபகியூ இடம் தவிர மற்ற இடங்களில் பெரும்பாலும் தடை. 2022 ஜூலையில் பிரான்ஸின் பிலா மணல்மேட்டுப் பக்கம் காட்டுத்தீ வந்து, ஐந்து முகாம்களிலிருந்து ஆறாயிரம் பேர் அளவில் இரவோடு இரவாக வெளியேற்றப்பட்டார்கள். அதன் பிறகு அந்தப் பக்கத்தில் யாரும் இதை விளையாட்டாக எடுப்பதில்லை.

மகன் மின்சார ரைஸ் குக்கர் கொண்டுவரச் சொல்கிறான். முகாமில் கரண்ட் தாங்குமா? (வாசகர், கொட்டகலை)

பதிவுச் சீட்டில் எத்தனை அம்பியர் என்று பாருங்கள். 6, 10, 16 என்று தருவார்கள். 6 அம்பியரை 230 வோல்ட்டால் பெருக்கினால் 1,380 வாட். குக்கர் 650, 700 வாட். சின்னக் குளிர்ப்பெட்டி 100. இரண்டும் சேர்ந்து ஓடும். 2,000 வாட் கேத்தலைப் போட்டால் அளவு மீறிக் கட்டாகும். கட்டான பெட்டி பல இடங்களில் பூட்டியிருக்கும், அலுவலகத்துக்கு நடந்துபோய் ஆளைக் கூட்டிவர வேண்டும். கேத்தலை வீட்டில் விட்டுவிடுங்கள்.

பெட்டியில் இருப்பது வீட்டு பிளக் அல்ல, நீல நிறத்தில் மூன்று முள்ளுள்ள வட்டப் பிளக். அதோடு பொருந்தும் 25 மீட்டர் றப்பர் வயர் வேண்டும். முகாமில் இரவல் கிடைக்கலாம். நமது சதுர முள்ளுக்கு மாற்றி தனியாக வேண்டும். வயர் உருளையில் சுற்றியிருந்தால் முழுவதையும் அவிழ்த்து நிலத்தில் போடுங்கள். சுற்றியபடி குக்கரை ஓட்டினால் உள்சுற்றில் சூடு ஏறி உறை உருகும். பிளக் சொருகும் கட்டையை மட்டும் புல்லில் விடாமல் ஒரு கல்லின் மேல் உயர்த்தி வையுங்கள்.

எங்கள் தோட்டத்துத் தேயிலையை அங்கே ஊற்றினால் மேலே ஆடை படிந்து கறுத்துப் போகிறது என்று அக்கா சொல்கிறார். தூள் பழுதா? (வாசகி, மஸ்கெலியா)

தூளில் குற்றமில்லை, தண்ணீர்தான். மத்தியதரைக் கடலோரத்தில் பல இடங்களில் சுண்ணாம்பு மிகுந்த கடினநீர். அதிலுள்ள கல்சியம் தேயிலைச் சாயத்தோடு சேர்ந்து மேலே படலமாகிறது, மணமும் மங்கும். கல்சியம் குறைந்த போத்தல் தண்ணீர் வாங்குங்கள், லேபிளில் ஒரு லீட்டருக்கு எவ்வளவு என்று போட்டிருக்கும். வொல்விக் என்ற போத்தல் தண்ணீரில் 12 மில்லிகிராம், எவியன் என்பதில் 80. அதற்கும் செலவழிக்க மனமில்லாவிட்டால் இரண்டு சொட்டு எலுமிச்சை விட்டால் படலம் மறையும். பிளேன்டீக்கு அது பொருந்தும், பால் தேத்தண்ணிக்கு முடியாது. மலையில் ஊற விடுவதை விட அரை நிமிடம் குறைவாக ஊறவிடுங்கள். முழுக் கொதியில் கடுப்பு சீக்கிரம் இறங்கும்.

என்னென்ன சாப்பாட்டுச் சாமான் கொண்டுபோகலாம்? (பலரும் கேட்டிருந்தார்கள்)

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பாற்பொருளும் கொண்டுபோக முடியாது. பால்மா, நெய், கோழிப் பொரியல் எல்லாம் அதில் அடங்கும். குழந்தைப் பால்மாவுக்கு 2 கிலோ வரை விலக்கு உண்டு. மீனுக்கு வேறு கணக்கு: 20 கிலோ வரை அனுமதி, கருவாடும் மாசியும் சேர்த்துத்தான். ஆகவே கட்டசம்பல் பிரச்சினையில்லை. கறிவேப்பிலை, பச்சைமிளகாய், கரட் போன்றவற்றுக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியான் ஐந்துக்கும் அது தேவையில்லை. தேங்காய் கொண்டுபோகலாம் என்று சட்டம் சொன்னாலும் திருவலையை மறந்தால் என்ன பயன்? கருவாட்டை மூன்று உறையில் கட்டுங்கள். முகாமில் பொரிக்க வேண்டாம், அடுத்த கூடாரம் ஐந்து மீட்டரில் இருக்கும்.

கடலில் குளிக்க எங்களுக்குப் பயம். நீச்சலும் தெரியாது. சல்வாரோடு இறங்கலாமா? (இரு சகோதரிகள், பதுளை)

கடலில் எந்த உடுப்போடும் இறங்கலாம், சாரம் கட்டியும் இறங்கலாம். முகாமின் நீச்சல் குளத்தில்தான் கட்டுப்பாடு. பிரான்ஸில் ஆண்களுக்கு உடலோடு ஒட்டிய குளியல் காற்சட்டை வேண்டும், தொளதொள அரைக்காற்சட்டையை விடமாட்டார்கள். பெண்களுக்குக் குளியல் உடைதான், சல்வாருக்கு இடமில்லை. இத்தாலியில் தலைக்கு இறப்பர்த் தொப்பியும் கேட்பார்கள்.

பயத்துக்கு மருந்து கொடி. பிரான்ஸில் 2022 முதல், மேலே சிவப்பும் கீழே மஞ்சளுமான இரு கொடிகளுக்கு இடைப்பட்ட இடமே காவலர் பார்க்கும் இடம். அங்கே மட்டும் இறங்குங்கள். பச்சைக்கொடி என்றால் வெளிப்படையான ஆபத்தில்லை, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் இறங்கத் தடை. ஊதா பறந்தால் தண்ணீர் அசுத்தம், அல்லது சொறிமுட்டை (ஜெலிமீன்) போன்றவை உண்டு. காவலர் மாலையில் போய்விடுவார். அப்போது கொடியும் இறங்கும். கொடியில்லாத கடலைப் பச்சைக்கொடி என்று எண்ணாதீர்கள்.

நீச்சல் தெரியாதவர் இடுப்பளவோடு நிற்கவும். காற்றடித்த மிதவை மெத்தை மட்டும் வேண்டாம். தென்கிழக்குப் பிரான்ஸின் புரொவான்ஸ் கரையில் மிஸ்ட்ரால் நிலத்திலிருந்து கடலுக்கு அடிப்பதால் கரையோரத் தண்ணீர் அலையின்றி அமைதியாகத் தெரியும். மெத்தையில் படுத்தவர் சில நிமிடத்தில் நூறு மீட்டர் தள்ளிப் போயிருப்பார். அதே காற்று மேலே உள்ள சூடான நீரைத் தள்ளிவிட, அடியிலிருந்து குளிர்நீர் எழும்பும். நேற்று 24 பாகையாக இருந்த கடல் இன்று பல பாகை குறைந்திருப்பது அதனால்தான். உடனே குதிக்காமல் கால், கை, கழுத்து என்று நனைத்து இறங்குங்கள்.

கறுத்த தோலுக்கு வெயில் கிரீம் வேண்டாம் என்பது தவறு. பாதுகாப்பு எண் (SPF) 30க்குக் குறையாதது, பெரியவர் ஒருவருக்கு உடல் முழுக்க ஒரு முறைக்கு 30 மில்லிலீட்டர், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, குளித்தெழுந்தாலும் ஒருமுறை. தொட்டு வைப்பதுபோல் பூசினால் பலனில்லை.

சொறிமுட்டை பட்டால்? (வாசகி, பண்டாரவளை)

கடல்நீரால் கழுவுங்கள். நன்னீர் பட்டால் ஒட்டியிருக்கும் நுண்முட்கள் மேலும் கொட்டும். தேய்க்கக் கூடாது, ஒட்டியதை ஒரு கடினமான அட்டையால் சுரண்டி எடுங்கள். மணலில் காலை வைத்ததும் சுரீரென்று குத்தினால் அது மணலுக்குள் புதையும் வீவர் மீனாக இருக்கலாம். அதற்கு மருந்து சூடு: தாங்கக்கூடிய சூட்டில், 40 பாகைக்கு மேல் உள்ள தண்ணீரில் அரை மணி நேரம் காலை வையுங்கள். மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ 112 எண்ணுக்கு அழையுங்கள், ஒன்றிய நாடு எதிலும் அது வேலை செய்யும்.

நாங்கள் போவது பிரான்ஸின் வடமேற்கே பிரித்தானி, அத்திலாந்திக் கரை. வேறுபாடு உண்டா? (வாசகர், கண்டி)

நிறைய. நம் நாட்டுக் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவு. பிரித்தானியின் சென்-மாலோவில், கடல் ஆகப் பெரிதாக ஏறி இறங்கும் நாட்களில் 12 மீட்டரைத் தாண்டும். காலையில் பாய் விரித்த இடம் பகலில் கடலுக்கு அடியில். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் 12 மணி 25 நிமிட அளவு. முகாம் அலுவலகத்தில் அட்டவணை ஒட்டியிருக்கும், அதில் அன்று கடல் எவ்வளவு பெரிதாக ஏறி இறங்கும் என்று காட்டும், 20 முதல் 120 வரையான ஓர் எண் உண்டு. 90க்கு மேல் என்றால் தண்ணீர் வேகமாகவும் தூரமாகவும் வரும். பாறைக்கு அப்பால் நடந்துபோக வேண்டாம். கடல் ஆகஸ்டிலும் 17, 18 பாகைதான்.

நினைவுக்குச் சிப்பி, மணல் கொண்டு வரலாமா? (மாணவி, ஹாலிஎல)

இத்தாலியின் சார்டீனியாத் தீவில் மணல், கூழாங்கல், சிப்பி எடுத்தால் 500 முதல் 3,000 யூரோ தண்டம். பிரான்ஸிலும் தண்டம் உண்டு. படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கூடாரத்தை எங்களுக்கே கொடுத்துவிடுவதாகச் சொல்கிறார்கள். எப்படிக் கட்டிக் கொண்டுவருவது? (வாசகர், பொகவந்தலாவை)

அங்கேயே முழுதாகக் காயவைத்துக் கட்டுங்கள். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், நம் பனிமூட்டத்தில் உப்புப் படிந்த துணி காயவே காயாது, பூஞ்சணம் பிடிக்கும். புறப்படுவதற்கு முதல்நாள் மாலை நன்னீரால் வெளித்துணியை அலசி, வாசல் ஸிப்பைப் பழைய பல்தூரிகையால் மணல் போகத் தேயுங்கள். மணல் சிக்கிய ஸிப்பை இழுத்தால் பல் தேய்ந்து வாய் மூடாமல் போகும். காலையில் பனி காயும்வரை 10 மணியாகும். இடத்தை ஒப்படைக்கும் நேரம் பெரும்பாலும் 12 மணிக்குள். முளைகளைத் தனிப்பையில் போட்டுப் பெரிய பெட்டியில் வையுங்கள், கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பறிபோகும்.